மில்லில் கடைசியாக என்ன அரைத்தீர்கள்?

(தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்தபின் மதுரையில் பங்கு மக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புப் பெரியோர்களே, அன்பிய உறுப்பினர்களே, வணக்கம். பதினான்கு தலத்துக்கும் முழங்காலிட்டு எழுந்த களைப்பு உங்களுக்கு இருக்கும். ஆகவே முன்னுரை வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பலி தொடங்கியதும் எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம்: "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்." வரிசையைக் கவனியுங்கள். சிந்தனைதான் முதலில் நிற்கிறது. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலிட்டால் நம் வாயில் வருவது என்ன? பொய் சொன்னேன், பிள்ளையை அடித்தேன், இரண்டு ஞாயிறு பூசை பார்க்கவில்லை. செயல், சொல், கடமை மூன்றும் வந்துவிடும். முதலாவது மட்டும் வராது. கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாள் முழுக்க என்ன நினைத்தோம் என்பதே நமக்குத் தெரியாது. கடைக்காரருக்கு நேற்றைய வியாபாரம் தெரியும், ஆட்டோக்காரருக்கு நேற்றைய சவாரி தெரியும். நேற்றைய எண்ணங்களுக்குக் கணக்கு எழுதியவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்?

பழைய ஆட்கள் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருந்தார்கள்: பராக்கு. "ஜெபத்துல பராக்கு வந்துருச்சு சாமி" என்பார்கள். பராக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு எண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒருவர் ஜெபமாலை சொல்கிறார். வெள்ளிக்கிழமை, துயர மறையுண்மைகள். மூன்றாவது, முள்முடி. அதில் நாலாவது மணியில் விரல் இருக்கும்போது மைத்துனர் முகம் எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான், வெறும் முகம். ஐந்தாவது மணியில் ஒரு கணக்கு வருகிறது: அவர் மகள் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணை விழாவுக்கு, நாம் எழுதிய மொய் 2,000. நம் பையன் புதுநன்மைக்கு அவர் எழுதியது 500. ஆறாவது மணியில் இவர் பதில் பேச ஆரம்பித்துவிட்டார்: "500தானா? நோட்டை மறுபடி பார்க்கணும். அன்னைக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் ஏழு பேர் வந்தாங்களே." எட்டாவது மணியில் தீர்ப்பு: "வரட்டும், அடுத்த விசேஷத்துக்கு நானும் 500தான்." அதன்பிறகு விரல் தானாக நகர்கிறது, வாய் தானாகச் சொல்கிறது, ஐந்து மறையுண்மையும் முடிந்து புகழ்மாலையும் முடிந்துவிடுகிறது. மைத்துனர் மட்டும் போகவில்லை. இப்படிப் பத்து முறை நடந்தால், பிறகு அவர் முகத்தை எங்கே கண்டாலும் படம் முதல் காட்சியிலிருந்து ஓடும்.

இந்தப் படிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. சீனாய் மலை மடத்தில் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி யோவான், 30 படிகள் கொண்ட ஏணியாக ஆன்மிக வாழ்வை எழுதியதால் 'ஏணி' என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அவர் இதைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்: தூண்டுதல், அதோடு பேச்சு, இசைவு, சிறைப்படுதல், போராட்டம், கடைசியில் ஊறிப்போன குணம். முதலாவதற்குக் குற்றமே கிடையாது என்கிறார். மைத்துனர் முகம் வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆறாவது மணிக்குப் பொறுப்பு உண்டு.

அவருக்கும் முன்னால், எகிப்துப் பாலைவனத்தில் 399-ல் இறந்த துறவி எவாகிரியுஸ் சொன்னதும் இதுதான்: எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது. அவர் எட்டு வகை எண்ணங்களைப் பட்டியல் போட்டார்: பெருந்தீனி, காமம், பணஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதைத் திருத்தி ஏழாக்கினார். ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் இந்த வழியாக வந்தவை. முதலில் அது பாவங்களின் பட்டியலாக இல்லை, எண்ணங்களின் பட்டியலாக இருந்தது. எங்கே மருந்து போட வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது.

சரி, மைத்துனரை எப்படி வெளியே அனுப்புவது? பெரும்பாலானவர்கள் செய்வது மல்லுக்கட்டு. "நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது." குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன வைத்தியர் கதைதான். விரட்டுவதற்காகவே அவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். விரட்டுவதும் ஒருவகைப் பேச்சுதான்.

நாலாம் நூற்றாண்டில் மோசே என்ற பாலைவனத் துறவி சொன்ன விளக்கத்தை, அவரிடம் போய்க் கேட்ட துறவி யோவான் காசியான் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் பாய்ந்து சுற்றும் மாவுக்கல்லைப் பாருங்கள், தண்ணீர் ஓடுகிறவரை கல் நிற்காது. ஆனால் அதில் கோதுமை போடுவதா, வாற்கோதுமை போடுவதா, களை விதை போடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது என்றார். நமக்கு நீராலை தெரியாது, மாவு மில் தெரியும். ஒரே மிஷின் வைத்திருக்கும் கிராமத்து மில்லுக்குக் கோதுமைத் தூக்கோடு போகிற அம்மா முதலில் என்ன கேட்பார்? "அண்ணே, கடைசியா என்ன அரைச்சீங்க?" மிளகாய் என்றால் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, வேறு யாராவது முதலில் போடட்டும் என்று காத்திருப்பார். ஏன்? கல்லிடுக்கிலும், மாவு இறங்குகிற துணிக்குழாயிலும் மிளகாய் ஒட்டியிருக்கிறது. ஊதினால் போகாது. மிஷினைச் சும்மா ஓடவிட்டாலும் போகாது, கல்தான் தேயும். அடுத்து விழுகிற தானியம்தான் அதைத் துடைத்துக்கொண்டு வரும். முதல் படி மாவு கண்ணெரிய இறங்கும், அடுத்த படியில் காரம் குறையும், பிறகுதான் சப்பாத்திக்கு ஆகும்.

மனதும் இப்படித்தான். எடுத்து வெளியே போட முடியாது, வேறொன்றைப் போட்டுத்தான் வெளியேற்ற முடியும். பேயை ஓட்டிக் கூட்டிப் பெருக்கி வெறுமையாக வைத்த வீட்டுக்கு அது ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது என்று மத்தேயு 12-இல் ஆண்டவர் சொல்கிறார். மனதைக் காலியாக்குவது வேறு மரபுகளில் பெரிய பயிற்சியாக இருக்கலாம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிறிஸ்தவப் பயிற்சி காலியாக்குவது இல்லை, குடியேற்றுவது.

ஆகவே இரண்டு நேரம் முக்கியம். காலையில் மில்லில் விழுகிற முதல் படி, இரவில் விழுகிற கடைசிப் படி. கண் விழித்ததும் கை செல்போனுக்குப் போனால் முதல் படியே மிளகாய். செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குங்கள். எழுந்ததும் பத்து நிமிடம், அன்றைய நற்செய்தி வாசகம். முழுவதும் இல்லை, அதில் ஒரே ஒரு வரி. அந்த வரியை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பலர் ஒரு அதிகாரம் முழுவதையும் வேகமாகப் படித்துவிட்டு எதுவும் நினைவில் இல்லாமல் எழுந்து போகிறார்கள். ஒரு மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினால் மிஷின் அடைத்துக்கொள்ளும். இரவில் கடைசியாக அரைத்தது எதுவோ அது விடியும்வரை கல்லிலேயே இருக்கும். நாடகத்தில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிற காட்சியோடு படுக்கப் போகிறவர்கள், காலையில் சொந்த மருமகள் காபி கொடுத்தால் முகர்ந்து பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

பகல் நேரத்துக்கு மனவல்லயச் செபம். பாட்டிமார் "இயேசு மரி சூசை" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார்களே, அது. காசியான் காட்டும் துறவிகள் திருப்பாடல் 70-இன் முதல் வசனத்தை எடுத்தார்கள்: கடவுளே என்னை விடுவியும், ஆண்டவரே எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும் என்ற வேண்டுதல். எரிகோவின் பார்வையற்ற பர்த்திமேயு கத்தியது இன்னும் சுருக்கம்: "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்." எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு மூச்சில் அடங்க வேண்டும். அதைக் கையின் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். மல்லிகை கட்டுகிற அம்மாமார் இங்கே இருக்கிறார்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி இழுத்தால் ஒரு முடிச்சு. அந்த இழுப்புக்கு ஒரு செபம். பஸ் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும், அடுப்படியில் இருப்பவருக்கு ஒவ்வொரு தோசையும். எண்ணிக்கை வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் இன்றைக்கு 300 சொன்னேன் என்று வீண்பெருமை வந்துவிடும், அது எட்டில் ஏழாவது.

இதில் தவறுவது எங்கே தெரியுமா? வாரத்துக்கு ஒரு செபமாக மாற்றிக்கொண்டே இருப்பது ஒன்று. இன்னொன்று, பிரச்சினை வந்தால் மட்டும் சொல்வது. கண்மாய் நிறைந்து தளும்பும்போது வாய்க்கால் வெட்ட மண்வெட்டியைத் தேடினால் கரைதான் உடையும். கோடையில் தூர் வார வேண்டும். மனம் அமைதியாக இருக்கும் நாளில் பழகியதுதான் கோபம் வரும் நாளில் தானாக வாயில் வரும்.

அடுத்தது பதில் வசனம். பாலைவனத்தில் இயேசுவைச் சோதித்தவன் மூன்று முறை பேசினான். மூன்றுக்கும் அவர் கொடுத்தது ஒவ்வொரு வரி. மூன்றும் இணைச்சட்ட நூலிலிருந்து; நம் சி.எஸ்.ஐ. உறவினர்கள் உபாகமம் என்பார்கள். எட்டாம் அதிகாரத்தில் ஒன்று, ஆறாம் அதிகாரத்தில் இரண்டு. அவர் விவாதிக்கவே இல்லை. ஏவாள் விவாதித்தாள்: எல்லா மரமும் இல்லை, நடுவில் உள்ள மரம் மட்டும்தான், தொடவும் கூடாது... பேச்சு நீண்டது, பழம் கைக்கு வந்துவிட்டது. எவாகிரியுஸ் எட்டு எண்ணங்களுக்கும் பதிலாகக் கிட்டத்தட்ட 500 வசனங்களைத் தொகுத்து வைத்தார். நமக்கு மூன்று போதும். கோபத்துக்கு எபேசியர் 4:26, "பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும்." பயத்துக்குத் திருப்பாடல் 27, "ஆண்டவரே என் ஒளி, என் மீட்பு. யாருக்கு நான் அஞ்சவேண்டும்?" மூன்றாவது உங்கள் வீட்டு நோய்க்கு எது பொருந்துமோ அது. பொருத்தம் முக்கியம். காய்ச்சல் மாத்திரையை வயிற்றுவலிக்குப் போட்டால் கேட்காது.

2 கொரிந்தியர் 10:5-ஐயும் சி.எஸ்.ஐ. உறவினர்கள் அடிக்கடி சொல்வார்கள்: எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பில் 'சிறைப்படுத்துதல்' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். கொல்லச் சொல்லவில்லை, பிடிக்கச் சொல்கிறது. பிடித்தால் விசாரிக்கலாம். வாளோடு நின்றவரை யோசுவா கேட்டாரே, நீ எங்களைச் சேர்ந்தவனா எதிரியைச் சேர்ந்தவனா என்று, அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

விசாரிக்கக் கற்றுக்கொடுத்தவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1521 மே மாதம் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரதீரக் கதைகள் கேட்டார், கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும். படுத்தபடி இரண்டு வகைக் கனவு கண்டார். ஓர் உயர்குடிப் பெண்ணின் முன்னால் போய் நின்று வீரம் காட்டுவது ஒன்று. பிரான்சிஸ், தோமினிக் போல வெறுங்காலோடு எருசலேம் போவது இன்னொன்று. ஓடும்போது இரண்டும் இனித்தன. முடிந்தபிறகு முதலாவது மனதைக் காய்ந்துபோக வைத்தது, இரண்டாவது நிறைவை மிச்சம் வைத்துப் போனது. எண்ணங்களைப் பிரித்தறிய அவர் பிற்பாடு எழுதிய விதிகளுக்கெல்லாம் வித்து இதுதான். எண்ணம் நாக்கில் இருக்கும்போது எல்லாமே இனிப்பு. விழுங்கியபின் வாயில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எண்ணத்துக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் உண்டு, மூன்றும் நல்லதாக இருந்தால்தான் நல்லது. வால் தெரிந்தால் பாம்பு என்று அறிந்துகொள் என்கிறார். வீட்டில் வாராவாரம் செபக்கூட்டம் வைக்கலாம் என்பது நல்ல எண்ணம். யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பது நடு. வராத வீடுகளை மனதில் குறித்துவைப்பது வால்.

இஞ்ஞாசியார் இறந்தது 1556. ஐம்பது ஆண்டு கழித்து, 1606-இல், தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவரும், 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தரும் இந்தப் பயிற்சியில் வளர்ந்த இயேசு சபையார்தான். ஆகவே இதை ஏதோ புதிதாக வந்த 'ரிட்ரீட்' சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். இந்த ஊர்க் கருவி இது.

கருவி ஆன்மசோதனை. இரண்டு வகை. பொது ஆன்மசோதனைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்: முதலில் நன்றி, பிறகு ஒளி கேட்பது, பிறகு காலையிலிருந்து மணிவாரியாக நாளைப் பின்னால் திருப்பிப் பார்ப்பது, பிறகு மன்னிப்பு, கடைசியில் நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றியை விட்டுவிட்டால் இது போலீஸ் விசாரணை ஆகிவிடும், ஒரு வாரத்தில் வெறுத்துப்போகும். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்யாதீர்கள், இரண்டாவது படியிலேயே குறட்டை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து செய்வது நல்லது.

தனி ஆன்மசோதனைதான் நம் மைத்துனருக்கு மருந்து. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் இன்று இதில் விழிப்பாக இருப்பேன் என்று சொல்லிக்கொள்வது, மதியம் ஒரு கணக்கு, இரவு ஒரு கணக்கு. ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு 14 கோடு. மேல்கோடு எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை, கீழ்க்கோடு அதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை. விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. விழுந்த அந்த நேரத்திலேயே நெஞ்சில் கை வைத்து வருத்தப்பட வேண்டும், கூட்டத்தின் நடுவிலும் யாரும் கவனிக்காமல் இதைச் செய்யலாம் என்று இஞ்ஞாசியாரே எழுதியிருக்கிறார். மாட்டுத்தாவணி பஸ்ஸில் நின்றுகொண்டு செய்தாலும் சட்டைப் பையைத் தடவுகிறார் என்றுதான் நினைப்பார்கள். பிறகு ஒப்பிடுவது: மேல்கோட்டோடு கீழ்க்கோடு, நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம்.

'கெட்ட எண்ணம்' என்று எடுத்தால் எண்ண முடியாது. 'மைத்துனரை மனதுக்குள் திட்டுவது' என்று எடுத்தால் எண்ண முடியும். முகம் வந்ததற்குப் புள்ளி இல்லை, ஆறாவது மணிக்குத்தான் புள்ளி. கனவில் வந்ததற்கும் இல்லை, தூக்கத்தில் இசைவு கிடையாது. மதியக் கணக்கை விட்டுவிட்டு இரவில் மொத்தமாகப் போட்டால் பாதி மறந்துபோகும். முதல் வாரம் புள்ளி கூடும், அதைக் கண்டு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். கூடியது பாவம் இல்லை, பார்வை. இருட்டில் கூட்டிய வீட்டில் விளக்கைப் போட்டால் குப்பை கூடின மாதிரித்தான் தெரியும்.

சோர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. நண்பகல் பேய் என்று அதற்குப் பெயர். காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு வரை அது வரும், சூரியன் நகராதது போலவும் பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போலவும் தோன்றும், யாராவது வரமாட்டார்களா என்று துறவி வாசலையே பார்ப்பான் என்கிறார் எவாகிரியுஸ். மே மாத மதுரையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வாசலுக்குப் பதில் இன்று ரீல்ஸ். வனத்து அந்தோணியார் இதில் தவித்தபோது அவருக்குக் காட்டப்பட்டது: ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுகிறார், எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார். அவ்வளவுதான் வைத்தியம். கை வேலை, செபம், கை வேலை. இந்த நேரத்தில் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். மனம் வறண்டு கிடக்கையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் ஐந்தாவது விதி. வேலையை விடுவது, பாடகர் குழுவை விட்டு விலகுவது, உறவை முறிப்பது எல்லாமே மதியம் இரண்டு மணிக்கு ரொம்ப நியாயமாகத் தெரியும்.

இனி எச்சரிக்கை. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். சிலருக்கு இந்தக் கணக்கு ஆகாது. கோவிலில் நற்கருணையைப் பார்த்தாலே அசிங்கமான வார்த்தை மனதில் பாய்கிறது, அதற்காகத் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம், பிறகு சரியாகச் சொன்னேனா என்று மறுபடியும். இஞ்ஞாசியாரே ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இப்படி வதைபட்டார். சொன்ன பாவங்களையே திரும்பச் சொல்லியும் தீராமல், உயிரை விடலாமா என்கிற அளவுக்குப் போனார். பழையதைத் திரும்பச் சொல்வதை நிறுத்தியபிறகுதான் விடுபட்டார். இப்படிப்பட்டவர்கள் கோடு போடக் கூடாது, புள்ளி அவர்களுக்கு நஞ்சு. ஒரே ஆன்ம குருவிடம் போய், அவர் போதும் என்றால் நிறுத்த வேண்டும். அந்த எண்ணங்களை வெறுக்கிறார்கள் என்பதே அவை அவர்களுடையவை இல்லை என்பதற்குச் சாட்சி. இதில் பலருக்கு இருப்பது மருத்துவம் உள்ள நோய். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இலவச ஆலோசனை கிடைக்கிறது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதோடு தனியாகச் செபித்துப் போராடிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். இஞ்ஞாசியாரின் பதின்மூன்றாவது விதி அதுதான்: எதிரி, ரகசியமாகப் பழக நினைக்கும் கள்ளக்காதலனைப் போல, விஷயம் வெளியே தெரிவதைத்தான் வெறுக்கிறான்.

நாளை சனிக்கிழமை. திங்களிலிருந்து, அடுத்த மாதத்திலிருந்து என்று தள்ள வேண்டாம். இரண்டு கோடு போட அரை நிமிடம். தனி நோட்டு வாங்க வேண்டும் என்பதும் இல்லை, வீட்டில் மொய் நோட்டின் கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.